கோச் வைத்தால் ஸ்கோர் ஏறுமா? என் 2,190 ரிங்கிட் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கிரிக்கெட் பௌலிங் இல்லை. கனமான பந்தை வழுவழுப்பான தளத்தில் உருட்டிவிட்டு, 60 அடி தள்ளி நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற போலிங். திருச்சியில் இருக்கும் சித்தப்பா மகனிடம் போனில் "போலிங்குக்குக் கோச் வைத்திருக்கிறேன்" என்றபோது, "இந்த வயசுல என்னண்ணே, ஃபாஸ்ட்டா ஸ்பின்னா?" என்று கேட்டான். மலேசியாவில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். இங்கே பல ஷாப்பிங் மால்களின் மேல்மாடியில் ஒரு போலிங் சென்டர் இருக்கும். கம்பெனிகளும் வங்கிகளும் அரசாங்க இலாகாக்களும் தங்களுக்குள் போலிங் போட்டி நடத்துவது வழக்கம். 1998இல் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடந்தபோது போலிங்கும் அதில் இருந்தது. எனக்கு அப்போது 15 வயது. மலேசிய போலிங் வீராங்கனை ஷாலின் சுல்கிப்ளியின் படம் பேப்பரில் வந்தால் அக்கா வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டிவைப்பாள். ஆனாலும் நான் பந்தைக் கையில் எடுத்தது நாற்பதை நெருங்கும்போதுதான்.

ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பகுதியில் வேலை. கோவிட் அடங்கி 2022இல் கம்பெனி மறுபடியும் பகுதிகளுக்கு இடையிலான போலிங் போட்டியைத் தொடங்கியது. எங்கள் பகுதியில் ஆள் குறைந்ததால் என்னை இழுத்துப் போட்டார்கள். முதல் ஆட்டத்தில் 87. பாதிப் பந்து லோங்காங்கில். பந்து உருளும் தளமான லேனின் இரு பக்கமும் ஓடும் அந்தப் பள்ளத்துக்கு அதிகாரபூர்வமாக என்ன பெயர் வைத்தாலும், இங்கே சாக்கடைக்குச் சொல்கிற மலாய்ச் சொல்தான் எல்லோர் வாயிலும் வரும். ஆறு மாதத்தில் 120க்கு வந்தேன், ஒரு வருடத்தில் சராசரி 142. அதோடு சரி. அடுத்த எட்டு மாதம் அந்த 142 அசையவே இல்லை. வாரம் இரண்டு நாள் வேலை முடிந்து போகிறேன், ஒரு நாளுக்கு நான்கு ஆட்டம் போடுகிறேன், ஒரு நாள் 175 வருகிறது, மறுநாள் 118. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது, ஒன்றும் புரியாது. இந்த நிலையில்தான் மனிதன் காசைச் செலவழிக்கத் தொடங்குவான். நானும் தொடங்கினேன்.

முதலில் பந்து. அதுவரை சென்டரில் கிடக்கும் பொதுப் பந்தைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்பவர் ஒருவர் விளையாட்டை விட்டுவிட்டார், அவருடைய 15 பவுண்டு பந்தை 250 ரிங்கிட்டுக்குக் கொடுத்தார். பளபளவென்று நீலத்தில் வெள்ளிக் கோடு ஓடும் பந்து. அவர் கைக்குத் துளை போட்ட பந்து என்பதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. விரல் நுழைந்தது, போதாதா? போதாது. போலிங் பந்தில் துளை என்பது செருப்பு அளவு மாதிரி. கட்டைவிரல் துளைக்கும் மற்ற இரண்டு துளைகளுக்கும் உள்ள தூரம் உங்கள் உள்ளங்கையை அளந்து போடவேண்டியது. தூரம் கூடினால் கை விரிந்து இழுபடும். கட்டைவிரல் துளை பெரிதானால் பந்து நழுவிவிடுமோ என்று உங்களை அறியாமலே நெரித்துப் பிடிப்பீர்கள். நெரித்துப் பிடித்தால் விடவேண்டிய நேரத்தில் விடமுடியாது. எனக்கு இந்த இரண்டு கோளாறும் இருந்தன. கட்டைவிரல் முட்டியில் தோல் தடித்து, உரிந்து, மறுபடி தடித்தது. அதை உழைப்பின் தழும்பு என்று நினைத்து ஸ்டோரில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்புறம் யூடியூப். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்ட்டி இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துச் சுழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் பெரிய பட்டங்களை அதிகம் வென்றவர் அவர். பந்து லோங்காங் ஓரம் வரை போய், கடைசி நொடியில் வளைந்து வந்து கட்டைகளை வாரிக்கொண்டு போகும். பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுக்கும். நானும் மூன்று வாரம் இரண்டு கையால் போட்டேன். குனிந்த முதுகோடு ஓடிவந்து போடவேண்டிய முறை அது. 40 வயதுக்காரன் எட்டு மணி நேரம் ஸ்டோரில் பெட்டி தூக்கிவிட்டு வந்து செய்கிற வேலையா? நான்காவது வாரம் காலையில் கட்டிலிலிருந்து எழ மனைவி கைகொடுக்க வேண்டியிருந்தது. மறுபடி ஒரு கைக்கே வந்துவிட்டேன்.

இதெல்லாம் சரிப்படாது, முறையாகக் கற்றுக்கொள்வோம் என்று முடிவெடுத்ததுதான் அடுத்த கட்டம். ஒரு குழு வகுப்பு, எட்டு வாரம், 480 ரிங்கிட். இடத்தையும் ஆளையும் சொல்லப் போவதில்லை. சொல்லிக்கொடுத்த பையன் நல்ல ஆட்டக்காரன், அதில் சந்தேகமே இல்லை. அவன் போட்டால் கட்டைகள் வெடிச்சத்தத்தோடு பறக்கும். ஆனால் முதல் நாள் ஆறு பேரும் ஆளுக்கு இரண்டு பந்து போட்டு முடித்ததும், ஆறு பேருக்கும் ஒரே பாடம். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கு, விடும்போது சுழற்று, பந்து வளையவேண்டும். என் பந்தில் விரல் சரியாகப் பொருந்துகிறதா என்று அவன் கேட்கவில்லை. கட்டைவிரல் தோலைப் பார்த்தான், பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளச் சொன்னான். மூன்றாவது வாரம், இந்தப் பந்து வளையாது, லேனைப் பிடித்து வளைகிற ரியாக்டிவ் ரெசின் பந்து வேண்டும் என்று குறிப்பிட்ட கடைக்கு அனுப்பினான். 850 ரிங்கிட். மணிக்கட்டைத் தாங்க ஒரு கவசம், 180. கடைக்காரர் என் கையை அளக்காமல், "பழைய பந்தின் அளவிலேயே போட்டுவிடவா?" என்று கேட்டார். நானும் தலையாட்டினேன். வேறொருவர் கையின் அளவு இப்படித்தான் என் புதுப் பந்துக்கும் வந்து சேர்ந்தது.

பந்து வளைந்தது. அதைச் சொல்லியே ஆகவேண்டும். முதல் தடவை அது ஓரமாகப் போய்த் திரும்பி வந்தபோது உடம்பு சிலிர்த்தது. ஆனால் எங்கே வளையும், எவ்வளவு வளையும் என்பது பந்துக்கே வெளிச்சம். எட்டு வார முடிவில் என் சராசரி 119. 480 கொடுத்து 23 புள்ளியை இழந்திருந்தேன். கம்பெனி ஏ அணியிலிருந்து பி அணிக்கு இறக்கினார்கள். அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டிய அன்று மதியச் சாப்பாட்டுக்கு கேண்டீன் பக்கம் போகாமல், ஸ்டோரில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டேன். சிரிப்பாக இருக்கலாம். நாற்பது வயதில் ஒரு பட்டியலில் பேர் கீழே இறங்குவது இவ்வளவு வலிக்கும் என்று எனக்கே தெரியாது. அடுத்த மாதம் மணிக்கட்டில் சுருக் சுருக்கென்று குத்தத் தொடங்கியது. தேத்தண்ணிக் குவளையைத் தூக்கினாலே வலி. கிளினிக்கில் தசைநார் வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் பந்தைத் தொடாதே என்றார்கள். மருந்தும் பிசியோவும் சேர்த்து 430.

850 ரிங்கிட் பந்தைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை. காரின் பின்பெட்டியில் வைத்திருந்தேன். பையை ஒழுங்காக மூடவில்லை போலிருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் மாமியார் வீட்டுக்குப் போகும் வழியில் ரவுண்டபோட்டில் திரும்பும்போது பின்னால் கடகடவென்று ஏதோ உருண்டு டமாரென்று மோதியது. அடுத்த வளைவில் மறுபடி கடகட, டமார். "என்னங்க அது, தேங்காயா?" என்றாள் மனைவி. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. மாமியார் வீட்டு வாசலில் பின்பெட்டியைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது பந்தைத் தன் காலடியில் வைத்து, இரண்டு பாதத்தாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். "எத்தன வெள்ளி?" என்று மட்டும் கேட்டாள், ரிங்கிட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். சொன்னேன். வீடு வரும்வரை ரேடியோதான் பேசியது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய பந்து 250, புதுப் பந்து 850, கவசம் 180, வகுப்பு 480, வைத்தியம் 430. மொத்தம் 2,190 ரிங்கிட், ஆட்டத்துக்குக் கொடுத்த காசு இதில் சேராது. போனது காசு மட்டுமில்லை. மணிக்கட்டை மடக்கிச் சுழற்றும் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. அதைக் கழற்ற ஆனது நான்கு மாதம்.

அந்த ஆறு வார ஓய்வில் சென்டருக்குச் சும்மா போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். யாருக்காவது இந்த ஆசை இருந்தால் இதைச் செய்துபாருங்கள். வார நாள் மாலை, ஏதாவது லேனில் ஒரு கோச் யாருக்காவது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் எவ்வளவு நேரம் பேசுகிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்று கவனியுங்கள். நான் அப்படிக் கவனித்ததில்தான் அந்தச் சீனப் பெரியவரைக் கண்டேன். அறுபதைத் தாண்டியிருப்பார். ஒரு பெண் பத்துப் பன்னிரண்டு பந்து போட்டாள், இவர் பின்னால் நின்றும் பக்கத்தில் நின்றும் பார்த்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறக்கவில்லை. அப்புறம் போய் ஏதோ ஒன்று சொன்னார். அவள் மறுபடி பத்துப் பந்து போட்டாள். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் அவர் பேசியது பத்து வாக்கியம் இருக்காது. சான்றிதழும் முக்கியம்தான். அமெரிக்க போலிங் அமைப்பான யுஎஸ்பிசி வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று கோச்சுகளுக்குப் படிநிலை வைத்திருக்கிறது, இருந்தால் நல்லது. ஆனால் நன்றாக ஆடுகிறவர் எல்லோரும் நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிடமாட்டார்கள், அதை 480 கொடுத்துத் தெரிந்துகொண்டவன் நான். முன்கூட்டியே எட்டு வாரக் காசைக் கேட்டால் ஒரு வகுப்புக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். மூன்றாவது வகுப்பிலேயே பந்து வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், பதில் உங்கள் கையைப் பற்றியும் ஆட்டத்தைப் பற்றியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கை சரியானதும் அந்தச் சீனப் பெரியவரிடம் போய் நின்றேன். மணிக்கு 100 ரிங்கிட், லேன் காசு தனி. "அங்கிள், எனக்கு பந்து ஒழுங்காக வளையவேண்டும்" என்றேன். மலாயில்தான் பேச்சு. "பாஸ், முதலில் உன் ஸ்கோர் ஷீட்டைக் கொண்டுவா" என்றார். ஆட்டம் முடிந்ததும் திரையைப் போனில் படம் எடுத்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, நல்ல ஸ்கோரை வாட்ஸ்அப்பில் போடுவதற்காக. கை நன்றாக இருந்த காலத்துப் பத்து ஆட்டத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்கு அருகே பிடித்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து ரசீதின் பின்பக்கத்தில் கோடு கோடாகப் போட்டார். ஒரு ஆட்டத்துக்குப் பத்துக் கட்டம், ஆக பத்து ஆட்டத்தில் நூறு கட்டம். ஒரு கட்டத்தில் முதல் பந்திலேயே பத்துக் கட்டையும் விழுந்தால் ஸ்ட்ரைக், மிச்சத்தை இரண்டாவது பந்தில் விழுத்தினால் ஸ்பேர். அதில் ஸ்ட்ரைக்கும் இல்லாமல் ஸ்பேரும் இல்லாமல் விட்டது 47. அந்த 47இல், முதல் பந்தில் ஒன்பது கட்டை விழுந்து, மிச்சமிருந்த ஒற்றைக் கட்டையை இரண்டாவது பந்தில் விட்டது 21. "இருபத்தொன்று" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு ரசீதை என் கையில் கொடுத்தார். அந்த ரசீது இன்னும் என் பர்சில் இருக்கிறது.

கணக்கை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், இதுதான் இந்தக் கட்டுரையிலேயே காசு பெறும் பகுதி. ஒற்றைக் கட்டையை விட்டால் அந்தக் கட்டத்துக்கு 9. விழுத்தினால் 10, கூடவே அடுத்த பந்தில் எத்தனை விழுகிறதோ அதுவும் சேரும், எட்டு என்று வைத்துக்கொண்டால் 18. அதாவது ஒரு ஒற்றைக் கட்டையின் விலை 9 புள்ளி. நான் ஆட்டத்துக்கு இரண்டு விட்டுக்கொண்டிருந்தேன். ஆக, பந்தை வளைக்காமல், புதுப் பந்து வாங்காமல், அந்த இரண்டை மட்டும் எடுத்தாலே 142 என்பது 160 ஆகியிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் முதல் பந்தில் ஒன்பது, அடுத்ததில் மிச்சம் ஒன்று என்று கடைசிவரை போட்டால் மொத்தம் 190 வரும். ஒரு ஸ்ட்ரைக் கூட வேண்டாம். கம்பெனி லீக்கில் 190 சராசரி உள்ளவனை நான் இதுவரை பார்த்ததில்லை. நான் ஸ்ட்ரைக் வாங்கக் காசு கொண்டுபோனேன், அவர் ஸ்பேர் விற்றார்.

ஆனால் உடனே அதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பந்தை எடுத்து விரலை நுழைக்கச் சொன்னார், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தார், கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். "இன்றைக்கு வகுப்பு இல்லை, காசு வேண்டாம். போய் இதைச் சரிசெய்துகொண்டு வா." அவர் சொன்ன கடையில் கையை அளந்து, பழைய துளைகளை அடைத்து, புதிதாகப் போட 120. கடைக்காரர் கட்டைவிரல் துளைக்குள் சின்ன நாடா ஒட்டும் வித்தையையும் காட்டினார். ஏர்கானில் விரல் சுருங்கும், நாலு ஆட்டம் போனதும் வீங்கும். துளை அதே அளவு, விரல்தான் மாறும். நாடாவை ஒன்று கூட்டுவதும் உரிப்பதுமாகச் சரிக்கட்ட வேண்டும். இரண்டு வாரத்தில் முட்டித் தோல் ஆறிவிட்டது. இத்தனை மாதம் தழும்பென்று காட்டித் திரிந்தது 120 ரிங்கிட்டில் போயே போய்விட்டது. இந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டுக் கோச்சே வைக்காவிட்டாலும் உங்கள் ஆட்டம் கொஞ்சம் ஏறும் என்பது என் எண்ணம்.

முதல் உண்மையான வகுப்பில் என்னைப் பக்கவாட்டில் போனில் வீடியோ எடுத்துக் காட்டினார். மனதுக்குள் நான் பெல்மான்ட்டி அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு அழகாகத்தான் போடுவதாக நினைத்திருந்தேன். வீடியோவில் இருந்தது, நெஞ்சோடு பந்தை அணைத்துக்கொண்டு இரண்டு அடி வைத்தபின் திடீரென்று ஞாபகம் வந்ததுபோல் கையை வீசி, தாண்டக்கூடாத கோட்டருகே துள்ளி, பந்து கையை விடுமுன்பே நிமிர்ந்து கட்டையை எட்டிப் பார்க்கிற ஒரு ஆள். வலதுகைக்காரர் நான்கு அடி வைத்துப் போடும்போது, முதல் அடியாக வலது கால் நகரும் அதே கணத்தில் பந்தும் முன்னே போகவேண்டும். என் பந்து ஓரடி தாமதமாகப் புறப்பட்டது. தாமதத்தை ஈடுகட்டத் தோள் பலத்தால் இழுத்தேன். இழுத்ததால் பந்து ஒரு நேரம் இடப்பக்கம், ஒரு நேரம் வலப்பக்கம் போனது. அன்றைக்கு 175, மறுநாள் 118 என்று வந்த மர்மம் இதுதான். இருபது மாதம் தனியாகப் போட்டும் இது எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருக்கவும் முடியாது. நம் முதுகை நாம் பார்க்கமுடியாதல்லவா?

பந்தை வீசாதே, விழவிடு என்றார். எனக்கு விளங்கவில்லை. பந்தை என் கையில் தொங்கவிட்டு, அவர் அதைப் பின்னால் இழுத்துப்போய் விட்டார். அது தானாக முன்னே வந்தது. கையைக் கயிறாக வைத்துக்கொள் என்றார். மகள் சின்னவளாக இருந்தபோது தாமான் (குடியிருப்பு) திடலில் ஊஞ்சல் ஆட்டியது நினைவுக்கு வந்தது, நடுவில் கைவைத்துத் தள்ளினால் ஊஞ்சல் கோணும், விட்டுவிட்டால் நேராக வரும். அப்புறம் 15 பவுண்டை 14க்கு இறக்கச் சொன்னார். கவசத்தைக் கழற்றிவிட்டார். ரியாக்டிவ் பந்து 15 பவுண்டு என்பதால் அது ஓரமாகப் போனது, 850 ரிங்கிட்டும் அதோடு. "உன் பந்துதான் உன்னைப் போடுகிறது" என்றார். பக்கத்து லேனில் ஒரு பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அப்புறம் எங்கே பார்ப்பது என்ற விஷயம். நான் 60 அடி தள்ளியிருக்கும் கட்டையைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கோட்டிலிருந்து சுமார் 15 அடியில் லேனில் அம்புக்குறிகள் இருக்கும், ஏழு. அதில் ஒன்றைப் பார்த்து அதன்மேல் பந்தை ஓட்டு என்றார். 15 அடியில் குறி தப்புவதும் 60 அடியில் தப்புவதும் ஒன்றாகுமா? ஸ்பேருக்கும் இதே அம்புதான். இடப்பக்கம் மிச்சமிருக்கும் கட்டைக்கு, அம்பை மாற்றாமல் காலை மட்டும் வலப்பக்கம் நகர்த்தி நிற்கவேண்டும், லேன் நெடுக ஓடும் பலகைகள்தான் கணக்கு, 2ஆம் எண் கட்டைக்கு மூன்று பலகை, 4க்கு ஆறு, மூலையிலிருக்கும் 7க்கு ஒன்பது. மூலைக் கட்டைகளுக்கு வளையாத பிளாஸ்டிக் பந்து. 14 பவுண்டில் ஒன்று வாங்கினேன், துளையோடு 300. இவ்வளவு செலவில் எனக்கு முழுத் திருப்தி தந்த பொருள் அந்த அசிங்கமான ஆரஞ்சுப் பந்துதான். கூடவே 160க்கு வாங்கிய சொந்தக் காலணி. வலதுகைக்காரருக்கு இடது அடிப்பாகம் சறுக்கும், வலது பிடிக்கும். வாடகைக் காலணியில் இரண்டுமே சறுக்கும்.

எண்ணெய்ப் பாடம் நான்காவது வகுப்பில் வந்தது. லேன் மேல் எண்ணெய் பூசுகிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது, எனக்கும் தெரிந்திருக்கவில்லை. சாதாரணமாக சென்டர்களில் முதல் 40 அடி அளவுக்குத்தான் எண்ணெய் இருக்கும், நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெல்லிசாகவும். நடுப்பக்கம் தப்பிப்போனால் எண்ணெயில் சறுக்கி வளையாமல் போகும், ஓரமாகத் தப்பினால் காய்ந்த இடத்தில் பிடித்துத் திரும்பிவரும். ஆக, தப்பாகப் போட்டாலும் லேனே திருத்திக் கொடுக்கும். போட்டிகளுக்கு எண்ணெயைப் பரவலாகப் பூசும்போது அந்த உதவி கிடையாது. சொந்த சென்டரில் 142 போடுகிறவன் வேறு இடத்தில் 115 போட்டுவிட்டு லேன் சரியில்லை என்று பழி சொல்வது இதனால்தான். நானும் சொல்லியிருக்கிறேன். ஆட்டம் ஆக ஆக, பந்துகள் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போவதால் முன்பு வளையாத இடத்தில் வளையத் தொடங்கும். அப்போது கையை மாற்றாமல் காலை இடப்பக்கம் நகர்த்தவேண்டும். இது தெரியாதவன் மூன்றாவது ஆட்டத்தில் தன் கையைச் சந்தேகப்படுவான்.

மொத்தம் ஆறு வகுப்பு, இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரம் ஒன்று வேண்டும் என்று நான்தான் கேட்டேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வகுப்பில் ஒரே ஒரு மாற்றம், அதை இரண்டு வாரம் நீயே போட்டுப் பழகு, உடம்பில் ஏறாமல் அடுத்ததுக்கு வராதே என்றார். முதல் மாதம் ஸ்கோரைப் பார்க்கவே கூடாது. திரையைப் பார்க்காமல் போலிங் போடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு போட்டேன். ஏமாற்றி ஒரு நாள் பார்த்தேன், 104. அன்றிரவு இதையும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மாமாக் (தமிழ் முஸ்லிம்) உணவுக் கடையில் தனியாக உட்கார்ந்து, ஆறிப்போன தே தாரிக் தேநீரைக் கலக்கிக்கொண்டு, நாமும் மூட்டைமூட்டையாகக் காசைக் கொட்டி லோங்காங்கில் உருட்டுகிறோமே என்று நினைத்தேன். முதல் கோச்சிடமும் ஸ்கோர் இறங்கியது, இவரிடமும் இறங்குகிறது, வித்தியாசம் என்ன? அடுத்த வகுப்பில் அதையே கேட்டேன். "கை வலிக்கிறதா?" என்றார். இல்லை. "தப்பாகப் போனால் ஏன் போனது என்று தெரிகிறதா?" யோசித்தேன். தெரிந்தது. பந்து விடுமுன்பே தெரிந்தது. "அப்படியானால் பொறு."

மூன்றாவது மாதம் 138, ஐந்தாவது மாதம் 150ஐத் தாண்டியது. இதை எழுதும்போது, அவரிடம் போய் 14 மாதம் ஆகிறது, சராசரி 163. ஒருமுறை 224 போட்டேன், அதை வாட்ஸ்அப்பில் போட்டேனா என்று கேட்காதீர்கள். இவருக்கு ஆறு வகுப்பு 600, துளை 120, பிளாஸ்டிக் பந்து 300, காலணி 160, ஆக 1,180. முன்பு கொட்டியதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நான் எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் கோச் தேடி ஓடவேண்டியதில்லை. மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த 100 ரிங்கிட்டுக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும். வகுப்புக்கு நடுவே வாரம் இரண்டு நாளாவது தனியாகப் போடமுடியாதவர் கோச்சிடம் போனால், ஒவ்வொரு முறையும் அதே பாடத்துக்குத்தான் காசு கட்டுவார். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் ஓரிரு மாதத்திலேயே ஒரு வகுப்புப் போய்விடுவது நல்லது, எனக்கு இருபது மாதத்தில் ஊறிய தப்பைக் கழற்ற ஆன காலம் அவருக்கு ஆகாது.

ஏ அணிக்கு மறுபடி எடுத்துக்கொண்டார்கள். பட்டியல் ஒட்டிய அன்று கேண்டீனில்தான் சாப்பிட்டேன். ரியாக்டிவ் பந்து வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கிடக்கிறது, காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க மனைவி அதைத்தான் முட்டுக்கொடுக்கிறாள். ஆரஞ்சுப் பந்து பின்பெட்டியில், அவளுடைய பழைய துண்டில் சுற்றி. வலது மூலையிலிருக்கும் 10ஆம் கட்டை இன்னும் என்னைப் படுத்துகிறது. போன வாரம் ஐந்து முறை நின்றது, மூன்றைத்தான் எடுத்தேன். சனிக்கிழமை அங்கிளிடம் ஏழாவது வகுப்பு, பத்து ஆட்டத்தின் படம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.